உடைந்த கடைவாய்ப்பல்லுக்கு கேப் போடுவது எப்படி: முதல் எக்ஸ்ரேயிலிருந்து பல வருடப் பராமரிப்பு வரை

கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல் ஆறு வயதில் முளைக்கிறது. எந்தப் பால்பல்லும் விழாமல், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வருவதால், பல வீடுகளில் அதையும் பால்பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். "விழப்போற பல்லுதானே" என்று விடப்பட்ட அந்தப் பல் பத்து வயதில் சொத்தையாகும். பதினைந்தில் அடைப்பார்கள், இருபத்தைந்தில் அடைப்பு பெரிதாகும், முப்பத்தைந்தில் ஒரு சீடையையோ நல்லி எலும்பையோ கடிக்கும்போது பாதியாக உடையும். டாக்டரின் சீட்டில் 36 அல்லது 46 என்று எழுதியிருந்தால் அது இந்தப் பல்தான். முதல் எண் வாயின் எந்தப் பகுதி என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எண், நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பதை. 36 இடது கீழ், 46 வலது கீழ்.

தமிழ்நாட்டில் இந்தப் பல்லுக்கு கேப், அதாவது பல்லைச் சுற்றி மூடும் உறை, போடப் போகிறவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கிளினிக்கில் பேச்செல்லாம் எந்த மெட்டீரியல், எத்தனை வருட வாரண்டி என்பதைச் சுற்றியே ஓடும். பல் நிலைப்பதைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: கேப்புக்கு அடியில் உங்கள் சொந்தப் பல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, கேப்பின் ஓரம் பல்லோடு எவ்வளவு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. உங்கள் கேள்விகளில் பெரும்பகுதியை இந்த இரண்டுக்கும் ஒதுக்குங்கள்.

உடைந்த அன்று

உடைந்த துண்டு கிடைத்தால் ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெரும்பாலும் அதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆனால் உடைந்தது பல்லா, பழைய அடைப்பா என்பது டாக்டருக்குத் தெரிந்துவிடும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். அந்தப் பக்கம் மெல்லாதீர்கள். கூரான விளிம்பு நாக்கைக் குத்தினால், பல்லுக்கு கிளிப் போட்டவர்கள் பயன்படுத்தும் மெழுகை உருட்டி அதன்மேல் அமுக்கி வைக்கலாம்.

வலிக்கு, உங்களுக்கு வழக்கமாக ஒத்துக்கொள்ளும் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரினைப் பொடித்துப் பல்லில் வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது ஈறைச் சுட்டுப் புண்ணாக்கும். கிராம்புத் தைலம் ஒரு சொட்டு, பஞ்சில் தொட்டு வைத்தால் கொஞ்ச நேரம் மரத்துப்போகும். அதற்கு மேல் ஊற்றினால் அதுவும் ஈறைச் சுடும். மெடிக்கல் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் போடுவதால் உடைந்த பல்லின் வலி தீராது.

வலி இல்லையே என்று தள்ளிப்போடவும் வேண்டாம். முன்பே வேர் சிகிச்சை (ரூட் கெனால், சுருக்கமாக ஆர்.சி.டி.) செய்த பல்லில் நரம்பு இருக்காது. ஈறுக்குக் கீழே வரை பிளந்திருந்தாலும் பல நேரம் அது வலிக்காது. நாட்கள் போகப்போக அந்தப் பிளவில் எச்சிலும் கிருமியும் இறங்கும், காப்பாற்றக்கூடிய பல் கைவிட்டுப் போகும்.

முகம் வீங்கி, காய்ச்சலும் வந்து, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ கஷ்டமாக இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கீழ்ப்பல்லின் சீழ் தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் இறங்கினால் மூச்சுப் பாதையையே அழுத்தும்.

கேப் உண்மையிலேயே தேவையா

மாட்டுவண்டிச் சக்கரத்தின் மரத்துண்டுகளைச் சுற்றி இரும்புப் பட்டா போடுவார்கள் அல்லவா, கடைவாய்ப்பல்லுக்கு கேப் செய்யும் வேலையும் அதுதான். கடிக்கும்போது பல்லின் மேடுகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகப் பார்க்கும். சுற்றிலும் பிடித்திருக்கும் கேப் அவற்றை விலகவிடாது. ஒரு சின்னக் குழிக்கு இந்தப் பட்டா தேவையில்லை, அடைப்பே போதும். ஒரு மேடு மட்டும் போயிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் மூடும் ஆன்லே என்ற வழியும் உண்டு. பல்லைக் குறைவாகத் தேய்க்கும் வழி அது என்பதால், அதைச் செய்யத் தெரிந்த டாக்டர் கிடைத்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளலாம்.

கேப் தேவைப்படும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, மெல்லும் பகுதியில் பாதிக்கு மேல் போய், நிற்கும் சுவர்கள் மெல்லிசாக இருப்பது. இரண்டாவது, பல்லில் விரிசல் விழுந்திருப்பது. இதற்கு ஓர் அடையாளம் உண்டு: கடிக்கும்போதைவிட, கடித்துவிட்டு வாயைத் திறக்கும் நொடியில் சுருக்கென்று வலிக்கும். மூன்றாவது, வேர் சிகிச்சை முடிந்த கடைவாய்ப்பல்.

இந்த மூன்றாவதில்தான் நம் ஊரில் அதிகப் பற்கள் வீணாகின்றன. வேர் சிகிச்சை முடிந்ததும் வலி நின்றுவிடும். கையில் காசும் குறைந்திருக்கும். "கேப்பை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கிளம்பிவிடுகிறோம். 2002-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கேப் போட்டவற்றைவிட கேப் போடாத வேர் சிகிச்சைப் பற்கள் ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டிருந்தன. 2016-இல் வந்த இன்னோர் ஆய்வில், வேர் சிகிச்சை முடிந்து நான்கு மாதத்துக்குப் பிறகு கேப் போட்ட பற்கள், அதற்குள் போட்டவற்றைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு பிடுங்கப்பட்டிருந்தன. ஆகவே, வேர் சிகிச்சைக்குப் பணம் ஒதுக்கும்போதே கேப்புக்கும் சேர்த்து ஒதுக்குங்கள். அது முடியாத நிலை என்றால் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மேடுகளைக் கொஞ்சம் குறைத்து, அவற்றையும் மூடும் வகையில் உறுதியான அடைப்பு வைத்துச் சில மாதங்கள் ஓட்ட வழி இருக்கிறது.

முன்பற்களின் கதை வேறு. வேர் சிகிச்சை செய்த முன்பல்லில் பெரிய உடைப்பு இல்லாவிட்டால், பின்னால் இருக்கும் துளையை அடைத்தாலே பெரும்பாலும் போதும். ஆரோக்கியமான முன்பற்கள் ஆறையோ எட்டையோ வெள்ளை நிறத்துக்காகவும் வரிசைக்காகவும் தேய்த்து கேப் மாட்டும் விளம்பரங்கள் பெருகிவருகின்றன. முழு கேப்புக்காகத் தேய்க்கும்போது கண்ணுக்குத் தெரியும் பல்லில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குப் போய்விடும். போன எனாமல் வளராது. இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி கல்யாணத்துக்காக இதைச் செய்துகொண்டால், வாழ்நாளில் பலமுறை அந்தக் கேப்புகளை மாற்ற வேண்டிவரும். கிளிப் போட்டு வரிசையாக்குவதும், ப்ளீச்சிங் செய்வதும் பல்லை முழுசாக விட்டுவைக்கும் வழிகள்.

அஸ்திவாரம்

அவசரப்படவே கூடாத கட்டம் இது. முதலில் அந்தப் பல்லுக்கு மட்டும் எடுக்கும் சின்ன எக்ஸ்ரே; சீட்டில் ஐ.ஓ.பி.ஏ. என்று எழுதுவார்கள். வேரின் நுனியில் கறுப்பாகச் சீழ் தெரிகிறதா, பழைய வேர் சிகிச்சை நுனிவரை நிரம்பியிருக்கிறதா, சொத்தை எலும்பின் மட்டத்துக்கு எவ்வளவு பக்கத்தில் போயிருக்கிறது என்று மூன்றையும் அதில் பார்க்க வேண்டும். எக்ஸ்ரே இல்லாமல் கேப்புக்கு அளவெடுக்க முனையும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது. படத்தைத் திரையில் காட்டி விளக்கச் சொல்லுங்கள், போனில் ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நரம்பு உயிரோடு நன்றாக இருந்தால் வேர் சிகிச்சை இல்லாமலே கேப் போடலாம். "கேப்னாலே ஆர்.சி.டி. பண்ணித்தான் ஆகணும்" என்பது உண்மையல்ல. குளிர்ச்சி பட்டால் கூசி உடனே நின்றுவிடுகிறதா, நரம்பு பிழைக்கும் வாய்ப்பு அதிகம். குளிர்ச்சி போன பிறகும் நிமிடக் கணக்கில் வலி நீடிக்கிறதா, இரவில் தானாகவே விண்ணென்று தெறிக்கிறதா, அப்போது வேர் சிகிச்சை தேவைப்படும்.

அடுத்து, உடைந்த பகுதியை நிரப்பி மேலே கட்டுவார்கள். இதற்குக் கோர் என்று பெயர். பல் ரொம்பவே போயிருந்தால் வேருக்குள் போஸ்ட் என்ற சிறு தண்டு ஒன்றை, பெரும்பாலும் ஃபைபர் போஸ்ட்டை, வைத்து அதன்மேல் கோர் கட்டுவார்கள். போஸ்ட் பல்லை பலப்படுத்துவதாகப் பலரும் நம்புகிறார்கள். கோர் நிற்க ஒரு பிடி கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. பலத்தைத் தருவது, ஈறுக்கு மேலே சுற்றிலும் வளையமாக எஞ்சி நிற்கும் சொந்தப் பல். அது 1.5 முதல் 2 மில்லிமீட்டர் உயரமாவது இருந்தால்தான் கேப் அதை இறுகப் பற்றும். அந்த வளையம் இல்லாமல் கோரின்மேல் மட்டும் உட்காரும் கேப், எத்தனை ஆயிரம் ரூபாய் மெட்டீரியலாக இருந்தாலும், ஒருநாள் கோரோடு பெயர்ந்து வரும்.

எனவே தேய்ப்பதற்கு முன்பே கேளுங்கள்: "டாக்டர், ஈறுக்கு மேல சொந்தப் பல்லு சுத்திலும் ரெண்டு மில்லிமீட்டர் இருக்குமா?" இல்லை என்றால், ஈறையும் தேவைப்பட்டால் கொஞ்சம் எலும்பையும் குறைத்துப் பல்லை வெளியே கொண்டுவரும் சிறு அறுவை சிகிச்சை உண்டு. ஆறும் வரை சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். வேரே நெடுக்காகப் பிளந்திருந்தால் அந்தப் பல்லுக்கு கேப் போடுவது வீண் செலவு. அதைச் சொல்லி அனுப்பும் டாக்டர் உங்களுக்கு நல்லதே செய்கிறார்.

ஈறிலிருந்து ரத்தம் வருகிற வாயில் துல்லியமாக அளவெடுக்க முடியாது. கேப் வேலைக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே பல் சுத்தம் செய்துகொள்ளுங்கள். சர்க்கரை நோய், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, இதய வால்வு ஆபரேஷன், கர்ப்பம் எதுவாக இருந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ரத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கவரிங் நகை போட்டால் தோல் அரித்துச் சிவக்கிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். மலிவான மெட்டல் கேப்புகளில் நிக்கல் கலப்பது வழக்கம்.

யாரிடம், எந்த மெட்டீரியல், எவ்வளவு

பி.டி.எஸ். படித்து, தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்த எவரும் கேப் போடலாம். சிக்கலான பல் என்றால் புராஸ்தோடான்டிக்ஸ் எம்.டி.எஸ். முடித்தவர் கேப்புக்கும், எண்டோடான்டிக்ஸ் எம்.டி.எஸ். முடித்தவர் வேர் சிகிச்சைக்கும் சிறப்பு. கையில் பணம் குறைவாக இருந்தால் பல் மருத்துவக் கல்லூரிகளை மறக்க வேண்டாம். சென்னையில் 1953-இல் தொடங்கிய அரசுப் பல் மருத்துவக் கல்லூரி கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசுக் கல்லூரிகள் உண்டு. தனியார் கல்லூரிகளிலும் வெளி கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவு. மாணவர்கள் செய்வார்கள், ஒவ்வொரு கட்டத்திலும் பேராசிரியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த கட்டம். நடைகள் அதிகம், நேரம் அதிகம். வேலை பெரும்பாலும் பொறுமையாக நடக்கும் என்பதால் நேரம் இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

மெட்டீரியலுக்கு வருவோம். முழு மெட்டல் கேப் பார்க்க அழகில்லை. ஆனால் பல்லை மிகக் குறைவாகத் தேய்த்தால் போதும், உடையாது, ஓரம் நன்றாக உட்காரும். சிரித்தாலும் தெரியாத இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு, நிறம் பொருட்டில்லை என்பவருக்கு, இன்றும் நல்ல தேர்வு. பி.எஃப்.எம். என்பது உள்ளே மெட்டல், வெளியே பீங்கான். சில வருடங்களில் பீங்கான் சில்லு பெயர்வதும், ஈறு இறங்கும்போது ஓரத்தில் சாம்பல் கோடு தெரிவதும் அதன் பலவீனம். அதன் உள் மெட்டலை லேசரால் உருவாக்குவது டி.எம்.எல்.எஸ். ஜிர்கோனியா வெள்ளையாக இருக்கும், மிக உறுதியானது, கடைவாய்க்கு இப்போது அதிகம் போடப்படுவது. மேலே பீங்கான் பூசாத, முழுதும் ஒரே கட்டியாகக் கடைந்த ஜிர்கோனியாவைக் கேளுங்கள். பூச்சு இல்லாததால் சில்லு பெயராது. லித்தியம் டைசிலிகேட் என்ற பீங்கான் வகை முன்பற்களுக்கும் சிறு கடைவாய்ப்பற்களுக்கும் இயல்பான பளபளப்பைத் தரும்; பெரிய கடைவாய்ப்பல்லில், அதிலும் பல் கடிக்கும் பழக்கம் இருப்பவருக்கு, நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

தனியார் கிளினிக்குகளில் ஒரு மெட்டல் கேப் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ரூபாய், பி.எஃப்.எம். 3,000 முதல் 8,000, ஜிர்கோனியா 7,000 முதல் 20,000 வரை என்று போகிறது. ஊரையும், கேப்பைச் செய்துதரும் லேபையும் பொறுத்து இது மாறும். வேர் சிகிச்சையும் கோரும் போஸ்டும் தனிக்கணக்கு. அதனால் "எல்லாம் சேர்த்து எவ்வளவு, ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு" என்று எழுதி வாங்குங்கள். மருத்துவக் காப்பீட்டில் விபத்தில் அடிபட்ட பல்லைத் தவிர மற்றவை பெரும்பாலும் வராது. பாலிசியை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.

ஜிர்கோனியாவோடு 5, 10, 15 வருடம் என்று ஒரு வாரண்டி கார்டு தருவார்கள். அதில் உங்கள் பெயரும் பல் எண்ணும் தேதியும் சரியாக இருக்கிறதா, கார்டு எண் அந்த நிறுவனத்தின் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கார்டு கேப் உடைவதற்கு மட்டும்தான். அடியில் பல் சொத்தையானால், வேரில் சீழ் வைத்தால், அது பொறுப்பேற்காது. 10 வருட கார்டுக்கும் 15 வருட கார்டுக்கும் இடையே உள்ள பணத்தை, சிலிக்கான் அளவெடுப்புக்கும் நல்ல லேபுக்கும் செலவழிக்கும் டாக்டரிடம் கொடுப்பது புத்திசாலித்தனம்.

முதல் அமர்வு: தேய்த்து அளவெடுப்பது

நிறத்தைத் தேய்ப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியும். பரவலாகப் புழங்கும் நிற அட்டையில் ஏ1 முதல் டி4 வரை 16 நிறங்கள் இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இருக்கும் பற்களைவிட வெள்ளையாகக் கேட்காதீர்கள், தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும்.

கீழ்க்கடைவாய்க்கு மரத்துப்போகும் ஊசியைத் தாடையின் பின்மூலையில் போடுவார்கள். பாதி உதடும் நாக்கும் இரண்டு முதல் நான்கு மணி நேரம் மரத்திருக்கும். அதுவரை மெல்லாமல், சூடான காபி குடிக்காமல் இருங்கள். வேர் சிகிச்சை செய்த பல்லானாலும் ஈறுக்காக ஊசி தேவைப்படலாம்.

பிறகு தண்ணீர் பீய்ச்சியபடி மேலே சுமார் 1.5 மில்லிமீட்டர், பக்கங்களில் சுமார் ஒரு மில்லிமீட்டர் தேய்ப்பார்கள். மெட்டலுக்கு இன்னும் குறைவு. பக்கச் சுவர்கள் ஏறக்குறைய நேராக நின்றால்தான் கேப் பிடிக்கும். கூம்புபோல் சரித்துத் தேய்த்துவிட்டால் எந்த சிமென்ட்டும் நெடுநாள் தாங்காது. கேப்பின் ஓரம் முடியும் கோட்டை, வெளியே தெரியாத கடைவாயில், ஈறுக்கு உள்ளே புதைக்காமல் ஈறின் மட்டத்திலோ சற்று மேலேயோ வைக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஓரத்தை பிரஷ் தொடும், டாக்டராலும் சோதிக்க முடியும். ஈறுக்குள் புதைந்த ஓரம் வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் அரிபடும்.

அளவெடுக்கும் முன் ஈறை விலக்க மெல்லிய நூலைச் சுற்றி நுழைப்பார்கள். இரண்டு வழிகளில் அளவெடுக்கலாம். ஒன்று, மாவுபோல் கெட்டியானதும் கூழ்போல் இளகியதுமான இரண்டு சிலிக்கான்களைச் சேர்த்து எடுப்பது. மற்றது, கேமரா ஸ்கேனர். இரண்டுமே நல்லவை. தண்ணீர் கலந்து குழைக்கும் ஆல்ஜினேட் சீக்கிரம் சுருங்கிவிடும். எதிர்த்தாடையின் அளவுக்கு அது போதும், கேப் போடும் பல்லின் இறுதி அளவுக்குப் போதாது. "சிலிக்கானா, ஸ்கேனா?" என்று கேட்பதில் தவறே இல்லை. குமட்டல் வருகிறவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கால் மெதுவாக மூச்சு விட்டு, ஒரு காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டால் கவனம் அங்கே போகும்.

அளவு லேபுக்குப் போகும். ஊரிலேயே இருக்கும் சின்ன லேபாக இருக்கலாம், கேரளத்து மூவாற்றுப்புழா போன்ற இடங்களில் உள்ள பெரிய லேபாகவும் இருக்கலாம். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் கேப் வரும். கிளினிக்கிலேயே ஸ்கேன் செய்து அங்கேயே கடைந்து அன்றைக்கே மாட்டும் கருவிகளும் உண்டு. ஜூரிக்கில் 1985-இல் முதல் நோயாளிக்குச் செய்யப்பட்ட முறைதான் அது. நம் ஊரில் சில கிளினிக்குகளில் மட்டும் இருக்கிறது.

இடைப்பட்ட நாட்கள்

தற்காலிக கேப் போடாமல் அனுப்புவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. வேர் சிகிச்சை செய்த பல்தானே, வலிக்காதே என்பார்கள். வலி மட்டும் பிரச்சினையில்லை. தேய்த்த பல்லைச் சும்மா விட்டால் பக்கத்துப் பற்கள் சாயும், மேற்பல் கீழே இறங்கும். ஒன்றிரண்டு வாரத்தில் அது நுண்ணிய அளவுதான். ஆனால் லேபிலிருந்து வந்த கேப் இறுக்கமாகவும் உயரமாகவும் இருக்க அதுவே போதும். உயிருள்ள பல்லாக இருந்தால் கூச்சம் தாங்காது. தற்காலிக கேப்பைக் கேட்டு வாங்குங்கள்.

அது இருக்கும்வரை கடலை மிட்டாய், அல்வா, சூயிங்கம் வேண்டாம். ஃபிளாஸ் நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவுங்கள். கேப் கழன்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்காமல் போன் செய்து போய் ஒட்டிக்கொண்டு வாருங்கள்.

இரண்டாம் அமர்வு: ஒட்டுவதற்கு முன்

ஒருமுறை ஒட்டிவிட்டால் கேப்பைப் பெரும்பாலும் அறுத்துத்தான் எடுக்க முடியும். ஆகவே ஒட்டுவதற்கு முந்தைய பத்து நிமிடம்தான் மொத்த சிகிச்சையிலும் விலைமதிப்புள்ள நேரம். சாயங்காலக் கூட்டத்தில் இந்த அமர்வை வைத்துக்கொள்ளாதீர்கள். முடிந்தால் ஊசி இல்லாமல் செய்யச் சொல்லுங்கள். மரத்த வாய்க்குக் கடி தெரியாது.

முதலில் சிமென்ட் இல்லாமல் கேப்பை மாட்டிப் பார்ப்பார்கள். இருபுறமும் ஃபிளாஸ் நூலை இறக்கிப் பார்க்க வேண்டும். நூல் டக்கென்று ஒரு தடையோடு இறங்கினால் சரி. தடையே இல்லாமல் விழுந்தால், அந்த இடைவெளியில் தினமும் கீரையும் கறியும் போய் மாட்டும். லேபுக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய குறை அது. இறங்கவே மறுத்தால் கேப் பக்கத்துப் பல்லில் முட்டிக்கொண்டு முழுசாக உட்காரவில்லை என்று பொருள்.

அடுத்தது ஓரம். கூரான ஊசிக் கருவியை கேப்பிலிருந்து பல்லுக்கு இழுக்கும்போது படிக்கட்டில் தடுக்குவது போல் தடுக்கக்கூடாது. இரண்டு பற்களுக்கு நடுவில் உள்ள ஓரம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஒட்டும் முன் ஓர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். படத்தில் கேப்புக்கும் பல்லுக்கும் இடையே கறுப்பு இடைவெளியோ, வெளியே துருத்தும் விளிம்போ தெரிந்தால், "சிமென்ட்ல அடைஞ்சிடும்" என்ற பதிலை ஏற்காதீர்கள். சிமென்ட் எச்சிலில் கரையும். அந்த இடைவெளியில்தான் அடுத்த சொத்தை ஆரம்பிக்கும்.

மூன்றாவது கடி. வண்ணத்தாளைக் கடிக்க வைத்து உயரமான இடங்களைக் குறைப்பார்கள். நாற்காலியில் படுத்திருக்கும்போது தாடை சற்றுப் பின்னால் போயிருக்கும். அதனால் நிமிர்ந்து உட்கார்ந்தும் கடித்துப் பாருங்கள். தாடையை இடம் வலமாக அரைத்துப் பாருங்கள். மறுபக்கப் பற்கள் முன்புபோல் சேர்கின்றனவா என்று கவனியுங்கள். "ரெண்டு நாள்ல பழகிடும்" என்று உயரமான கேப்போடு வீட்டுக்குப் போகாதீர்கள். ஜிர்கோனியாவைக் குறைத்த இடத்தில் கட்டாயம் பாலிஷ் போட வேண்டும். வழவழப்பான ஜிர்கோனியா எதிர்ப்பல்லை அதிகம் தேய்ப்பதில்லை, சொரசொரப்பானது அரத்துக்கு நிகர்.

எல்லாம் சரியென்றால் பல்லை உலர்த்தி, பஞ்சு வைத்து, சிமென்ட்டோடு அழுத்துவார்கள். சாதாரணமாக கிளாஸ் அயனோமர் போதும். பல் குட்டையாக இருந்தால் ரெசின் சிமென்ட் கூடுதல் பிடி தரும். இறுகியதும் வழிந்த சிமென்ட் முழுவதையும், பல் இடுக்கில் ஃபிளாஸ் ஓட்டி, எடுத்தாக வேண்டும். ஈறுக்கடியில் தங்கிய சிமென்ட் துணுக்கு மாதக்கணக்கில் ஈறை வீங்கவைக்கும். கிளம்பும் முன் பல் எண், மெட்டீரியல், நிறம், லேப், தேதி ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அன்று ஒரு நாள் மட்டும் கடினமானதையும் ஒட்டுகிறதையும் தவிருங்கள்.

முதல் வாரமும் வரும் வருடங்களும்

உயிருள்ள பல்லில் சில நாள் முதல் சில வாரம் வரை சூடும் குளிரும் லேசாகக் கூசும், தானே குறையும். கடித்தால் மட்டும் வலிக்கிறது என்றால் கேப் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்குள் போய்க் குறைத்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை. தானாகத் தெறிக்கும் வலி, இரவு வலி வந்தால் நரம்பு தோற்றுவிட்டது. கேப்பை எடுக்காமலே அதில் துளையிட்டு வேர் சிகிச்சை செய்து அடைத்துவிடலாம்.

கேப் சொத்தையாகாது. அதன் ஓரத்தில் தொடங்கும் உங்கள் பல் சொத்தையாகும். கேப் போட்ட பல்லை மற்றவற்றைவிடக் கவனமாகத் துலக்க வேண்டிய காரணம் அதுதான். மென்மையான பிரஷை ஈறும் கேப்பும் சேரும் கோட்டில் சாய்த்து, ஃபுளூரைடு பேஸ்ட்டோடு, காலையிலும் படுக்கும் முன்பும் துலக்குங்கள். பல் இடுக்குக்கு ஃபிளாஸ் அல்லது மெடிக்கல் கடையில் கிடைக்கும் இடுக்கு பிரஷ். குச்சியும் ஊக்கும் கூடாது. கொட்டைப்பாக்கு, ஐஸ் கட்டி, கரும்பின் கணு, பல்லால் பாட்டில் மூடி திறப்பது ஆகியவற்றை விட்டுவிடுங்கள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாக வீட்டில் சொன்னால் இரவில் பற்களின்மேல் மாட்டும் பாதுகாப்பு உறை (நைட் கார்டு) செய்துகொள்ளுங்கள். ஒரு கேப்பின் விலையைவிடப் பெரும்பாலும் குறைவு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓரத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள், ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே.

ஐந்து வருட முடிவில் நூறு கேப்புகளில் ஏறக்குறைய 95 நிலைத்திருப்பதாகப் பல ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டுகின்றன. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து, பதினைந்து வருடம் சாதாரணம், அதற்கு மேலும் நிற்கும்.

அந்தப் பக்கம் கெட்ட வாடையோ சுவையோ வந்தால், ஃபிளாஸ் நூல் ஒரே இடத்தில் நைந்து அறுந்தால், கேப் லேசாக ஆடினால் உடனே காட்டுங்கள். கழன்று கையில் வந்துவிட்டால் கழுவி டப்பாவில் வையுங்கள். சூப்பர் க்ளூ போட்டு ஒட்டாதீர்கள். அதைத் திரும்ப மாட்டிக்கொண்டு தூங்கவும் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். விழுங்கிவிட்டால் பெரும்பாலும் மலத்தோடு வெளியேறும். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கழன்ற கேப்பின் உட்புறத்தைப் பாருங்கள். காலியாக இருந்தால் சிமென்ட் மட்டும்தான் விட்டிருக்கிறது. பல் சுத்தமாக இருந்தால் அதே கேப்பைத் திரும்ப ஒட்டலாம். உள்ளே கோரும் பல் துண்டும் சேர்ந்தே வந்திருந்தால், அப்படியே திரும்ப ஒட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள். எக்ஸ்ரே எடுத்து, வேர் பிளக்காமல் இருக்கிறதா, ஈறுக்கு மேல் அந்த இரண்டு மில்லிமீட்டர் வளையம் இன்னும் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். கிடைத்தால் புதிய கோர், புதிய கேப். கிடைக்காவிட்டால் பல்லை எடுத்துவிட்டு, எலும்பில் பொருத்தும் இம்பிளான்டா, பக்கத்துப் பற்களைத் தேய்த்து அவற்றின்மேல் தாங்கும் பிரிட்ஜா என்று பேசலாம். இருபுறமும் உள்ள பற்கள் பழுதில்லாதவை என்றால், பிரிட்ஜுக்காக அவற்றைத் தேய்ப்பதற்கு முன் இம்பிளான்டின் விலையையும் கேட்டுவிடுங்கள்.